எண்டோதெர்மிக் வினை மறந்துபோகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

படிவம் 5 வேதியியலில் தெர்மோகிமியா (வினைகளின் வெப்பக் கணக்கு) பாடம் நடந்து முடிந்த வாரத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். சில மாதம் கழித்து அதே பிள்ளைகளிடம், "அம்மோனியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் போட்டால் டெல்டா எச், அதாவது வினையின் வெப்ப மாற்றம், பிளஸா மைனஸா?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை டியூஷன் நடத்தும் எனக்கு இது ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிற காட்சி. வெப்பத்தை வெளியே விடும் எக்சோதெர்மிக் பக்கம் அவ்வளவு தொல்லை இல்லை. மெழுகுவத்தி எரிகிறது, சூடு கையில் படுகிறது, வெப்பம் வெளியே வருகிறது, முடிந்தது. வெப்பத்தை உள்ளே வாங்கும் எண்டோதெர்மிக் மட்டும் நழுவி நழுவிப் போகிறது. கை உணர்வது ஒன்றாகவும் கணக்கு சொல்வது வேறாகவும் தெரிவதுதான் காரணம்.

கீழே பிள்ளைகள் சொல்லும் வார்த்தைகளையே தலைப்பாக வைத்திருக்கிறேன். எது உங்கள் வாயில் வருகிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்றவற்றில் பாதி அதிலிருந்துதான் முளைக்கின்றன.

"பீக்கர் குளிர்ந்துவிட்டது, அப்படியென்றால் வெப்பம் வெளியே போய்விட்டதுதானே சார்?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. குளிர்ந்த பொருள் வெப்பத்தை இழந்திருக்கிறது என்பது உண்மைதான். தவறு அதில் இல்லை. எந்தப் பொருள் குளிர்ந்தது என்பதைப் பார்க்காமல் விட்டதில்தான் தவறு.

பீக்கருக்குள் இரண்டு தரப்பு இருக்கிறது. ஒன்று, வினை: உடைகிற, சேர்கிற துகள்கள். மற்றொன்று, சுற்றுப்புறம்: தண்ணீர், கண்ணாடி, தெர்மோமீட்டர், உங்கள் கை. மலாய்ப் பாடநூல் 'பெர்செகித்தாரான்' என்று சொல்லும்போது நம் பிள்ளைகள் மனத்தில் வகுப்பறைச் சுவரும் ஜன்னலும் வருகின்றன. பீக்கருக்குள் இருக்கும் தண்ணீரே சுற்றுப்புறத்தைச் சேர்ந்தது என்பது பதிவதில்லை. தண்ணீர் வினைக்குப் பக்கத்திலேயே, அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் அது வெளியாள்தான்.

இரண்டு பேர் கணக்குப் புத்தகம் போல இதை வைத்துக்கொள்ளலாம். தெர்மோமீட்டர் காட்டுவது தண்ணீரின் கணக்கை. அங்கே செலவு விழுந்திருக்கிறது, அதனால் வெப்பநிலை இறங்கியது. அந்தச் செலவு அப்படியே வினையின் புத்தகத்தில் வரவாக ஏறியிருக்கிறது. டெல்டா எச் என்று தேர்வில் கேட்பது வினையின் புத்தகத்தை. வினைக்கு வரவு, ஆகவே பிளஸ்.

சரிபார்க்க ஒரு வழி: ஒரு வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். "___ இடமிருந்து ___ வெப்பத்தை வாங்கியது." அம்மோனியம் குளோரைடு கரைகிறது என்றால், "தண்ணீரிடமிருந்து வினை வெப்பத்தை வாங்கியது" என்று வர வேண்டும். "கரைசல் வெப்பத்தை இழந்தது" என்று மட்டும் எழுதி நிறுத்தும் பிள்ளைக்குப் பாதிதான் தெரிகிறது. யாரிடம் இழந்தது என்று கேளுங்கள். வாங்கியவர் பெயர் வாயில் வரும்வரை அடுத்த அறிகுறிக்குப் போக வேண்டாம்.

கையில் பிடித்து உணர்ந்தாலும் இதே கணக்குதான். பந்து விளையாடும் இடங்களில் அடிபட்டவுடன் அழுத்திப் பிடிக்கும் உடனடிக் குளிர்ப் பை இருக்கிறதே, அதற்குள் தண்ணீர்ப் பை ஒன்றும், அம்மோனியம் நைட்ரேட் அல்லது யூரியாவும் தனித்தனியாக இருக்கும். தட்டி உடைத்தால் உப்பு கரையும். கரைவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தண்ணீரிடமிருந்து எடுக்கும், தண்ணீர் உங்கள் கணுக்காலிடமிருந்து எடுக்கும். பையிலிருந்து 'குளிர்' எதுவும் வெளியே வருவதில்லை. காலிலிருந்துதான் வெப்பம் போகிறது.

"வெப்பநிலை மைனஸ் 6, டெல்டா எச்சும் மைனஸ்"

முதல் அறிகுறியின் தம்பி இது. 29 டிகிரியிலிருந்து 23 டிகிரிக்கு இறங்கியது, வித்தியாசம் மைனஸ் 6, அந்த மைனஸ் அப்படியே இறங்கி வந்து விடையின் முன்னால் உட்கார்ந்துகொள்கிறது.

தீர்வு எளிது. கணக்குப் போடும்போது வெப்பநிலை வித்தியாசத்தை அடையாளம் இல்லாமல் வெறும் 6 என்றே எடுங்கள். ஜூல், கிலோஜூல், மோல் (துகள்களை எண்ணும் அலகு) எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வரியில் நின்று யோசித்து, இறங்கியதா ஏறியதா என்று பார்த்து அடையாளத்தைக் கையால் போடுங்கள். இறங்கினால் பிளஸ், ஏறினால் மைனஸ். பிளஸ் என்று எழுதாமல் வெறும் எண்ணை விட்டுவிடும் பழக்கமும் வேண்டாம். டெல்டா எச் கேட்டால் பிளஸ் அடையாளமும் விடையின் பகுதிதான்.

"ஆற்றல் மட்டப் படத்தைத் தலைகீழாக வரைந்துவிட்டேன்"

வினைபடுபொருளை மேலேயும் விளைபொருளைக் கீழேயும் போட்டு, அம்பைக் கீழ்நோக்கி இழுத்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "வெப்பநிலை இறங்கியது, அதனால் கோடும் இறங்குகிறது" என்பார்கள்.

படத்தின் செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அச்சில் எதுவுமே எழுதியிருக்காது. 'ஆற்றல்' என்ற சொல்லை முதலில் எழுதிவிட்டுப் பிறகு கோடு போடுகிற பழக்கம் வந்தால் இந்தத் தவறில் பெரும்பகுதி போய்விடும். அங்கே வெப்பநிலை இல்லை, பொருள்களுக்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல் இருக்கிறது. வினை ஆற்றலை வாங்கியிருக்கிறது, ஆகவே விளைபொருளிடம் அதிகம் இருக்கிறது, ஆகவே அது மேலே.

கிளர்வு ஆற்றலோடு (வினை தொடங்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) மேடு வைத்து வரையும் படத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. எண்டோதெர்மிக் வினையில் கிளர்வு ஆற்றல், டெல்டா எச்சைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. விளைபொருள் இருக்கும் உயரம் வரையாவது ஏறித்தானே ஆக வேண்டும்? உங்கள் படத்தில் மேட்டின் உச்சி விளைபொருள் கோட்டுக்குக் கீழே இருந்தால் படம் தவறு.

"பிணைப்பு உடையும்போதுதான் சார் ஆற்றல் வெளியே வரும்"

இது ஆழமாக வேரூன்றிய தவறு. எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும்: உயிரியல் வகுப்பு. உயிரணுக்களில் ஆற்றல் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு உடைந்து ஆற்றல் தருகிறது, உணவு உடைந்து ஆற்றல் தருகிறது என்று அங்கே சுருக்கமாகச் சொல்கிறார்கள். 'உடைந்தால் ஆற்றல்' என்று பிள்ளை மனத்தில் பதிகிறது. உண்மையில் ஏடிபியில் ஒரு பிணைப்பு உடைய ஆற்றல் செலவாகத்தான் செய்கிறது. அதன் பிறகு தண்ணீரோடு சேர்ந்து உருவாகும் பொருள்களில் அமையும் பிணைப்புகளும் நிலைத்தன்மையும் அதைவிட அதிகமாகத் திருப்பித் தருகின்றன. மொத்தத்தில் மிச்சம் வருகிறது.

விதி ஒன்றுதான், அதற்கு விலக்கு இல்லை. பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும். பிணைப்பு உருவானால் ஆற்றல் கிடைக்கும். பெரும்பாலான வினைகளில் இரண்டும் நடக்கின்றன. உடைக்கக் கொடுத்தது, உருவாகும்போது கிடைத்ததைவிட அதிகமானால் எண்டோதெர்மிக். அவ்வளவுதான்.

எண்களோடு ஒருமுறை பார்த்தால் மறக்காது. கோலாலம்பூரில் மாலை இடியும் மின்னலும் நமக்குப் புதிதில்லை. அந்த மின்னலின் கடும் வெப்பத்தில் காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகின்றன. ஒரு மோல் நைட்ரஜனின் மூன்று பிணைப்பை உடைக்கச் சுமார் 945 கிலோஜூல். ஒரு மோல் ஆக்சிஜனை உடைக்கச் சுமார் 498. செலவு மொத்தம் 1,443. இரண்டு மோல் நைட்ரிக் ஆக்சைடு உருவாகும்போது கிடைப்பது, மோலுக்கு 631 வீதம், 1,262. குறைவது சுமார் 180 கிலோஜூல். அதை வெளியிலிருந்து வாங்க வேண்டும், ஆகவே பிளஸ் 180.

இந்த எண்ணைப் பார்த்தபிறகு ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ நம்மைச் சுற்றி நைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே இருந்தும் ஏன் சேராமல் இருக்கின்றன?" மிக நல்ல கேள்வி. நைட்ரஜனின் மூன்று பிணைப்பு அவ்வளவு வலுவானது. சாதாரண வெப்பநிலையில் அதை உடைக்கும் ஆற்றல் துகள்களிடம் இல்லை. மின்னலிலும், கார் எஞ்சின் சிலிண்டருக்குள்ளும் கிடைக்கும் கடும் வெப்பத்தில்தான் அது நடக்கிறது. ஜாலான் துன் சம்பந்தனில் நெரிசலில் நிற்கும் வண்டிகளின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் இருப்பதற்கும் இதுதான் காரணம். பெட்ரோல் எரிவது எக்சோதெர்மிக், அதே சிலிண்டருக்குள் பக்கத்திலேயே நடக்கும் இது எண்டோதெர்மிக். ஒரே இடத்தில் இரண்டும் நடக்கலாம் என்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

"சூடு பண்ணினால்தான் நடக்கிறது, அதனால் எண்டோதெர்மிக்"

பாதி சரி, பாதி ஆபத்து. இந்த விதியை நம்பினால் மெழுகுவத்தியும் எண்டோதெர்மிக் ஆகிவிடும், அதற்கும் முதலில் தீக்குச்சி வேண்டுமே.

இங்கே நான் சொல்லித்தரும் சோதனை: சூட்டை நிறுத்தினால் என்ன ஆகும்? மெழுகுவத்தியைப் பற்றவைத்தபின் தீக்குச்சியை எடுத்துவிடலாம். அது தானாக எரியும், ஏனென்றால் எரிவதில் கிடைக்கும் வெப்பமே அடுத்த துகளைத் தூண்டிவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லை அப்படிச் சுட முடியாது. அடுப்பை அணைத்தால் வினையும் நின்றுவிடும்.

சுண்ணாம்புக்கல் என்றதும் நமக்குத் தெரிந்த இடம் பத்துமலை. முருகன் கோயில் இருக்கும் அந்தக் குன்று சுண்ணாம்புக்கல்தான், பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் இதே வகைக் குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே கல்லை வெட்டிச் சூளையில் சுடுகிறார்கள். சுமார் 900 டிகிரியில் அது கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. ஒரு மோலுக்கு, அதாவது 100 கிராம் கல்லுக்கு, சுமார் 178 கிலோஜூல் உள்ளே போகிறது. அந்த வெப்பம் எங்கே போனது? வெளியே வந்த கால்சியம் ஆக்சைடும் வாயுவும் அதைத் தாங்கி நிற்கின்றன.

இதன் மறுபாதியும் பார்க்கத் தக்கது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். ஒரு மோலுக்குச் சுமார் 65 கிலோஜூல் வெளியே வரும். நீற்றிய அந்தச் சுண்ணாம்புதான் வெற்றிலைக்கு வருகிறது. சுடும்போது வாங்கியதில் ஒரு பங்கை நீற்றும்போது கொடுக்கிறது. மீதியை, சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மறுபடியும் கல்லாகும்போது மெதுமெதுவாகக் கொடுத்துவிடும். ஒரு சுற்று முழுதாக முடிந்தால் வரவும் செலவும் நேராகிவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாணவர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1881 தீ விபத்துக்கும் வெள்ளத்துக்கும் பிறகு கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டத் தொடங்கியபோது சூளைகள் இருந்த வட்டாரம் இது. களிமண்ணில் இருக்கும் கயோலினைட் என்ற கனிமம், 500 டிகிரியைத் தாண்டும் வாக்கில் தன் அமைப்புக்குள் பிடித்து வைத்திருக்கும் நீரை விடுகிறது. அதற்கும் வெப்பம் உள்ளே போக வேண்டும். செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி களிமண் ஆகாமல் இருப்பதற்கு இந்த மாற்றம் முக்கியக் காரணம்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. சில எண்டோதெர்மிக் வினைகளுக்கு அடுப்பே வேண்டாம். அறை வெப்பநிலையில், தானாகவே நடக்கும். அதுதான் அடுத்த குழப்பம்.

"வெப்பம் கொடுக்கவே இல்லை, எப்படித் தானாக நடக்கிறது?"

இதைக் கேட்கும் பிள்ளையைப் பாராட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பெரிய வேதியியலாளர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். டென்மார்க்கின் யூலியஸ் தாம்சனும் (1854) பிரான்சின் மார்சலன் பெர்த்தெலோவும் (1864), தானாக நடக்கும் வினைகள் வெப்பத்தை வெளியிடும் வினைகளே என்ற கொள்கையை முன்வைத்தார்கள். பெரும்பாலான வினைகளுக்கு அது பொருந்தியது. ஆனால் தண்ணீரில் போட்டதும் குளிர்ந்துகொண்டே கரையும் உப்புகள் இருக்கத்தான் செய்தன. ஆற்றலோடு என்ட்ரோபியையும் (துகள்களும் ஆற்றலும் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு) சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது பின்னால்தான் தெளிவானது.

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு அளவுக்கு என்ட்ரோபி தேவையில்லை. ஆனால் இரண்டு வரி சொல்லிவிட்டால் பிள்ளை நிம்மதியாகும். துகள்களும் ஆற்றலும் பரவிக் கிடக்கும் நிலைக்குப் போகும் போக்கு இயற்கையில் உண்டு. கட்டுக்கோப்பான படிகத்திலிருந்து அம்மோனியம் அயனியும் நைட்ரேட் அயனியும் தண்ணீரெங்கும் பரவுகின்றன. அந்தப் பரவலின் இலாபம் வெப்பச் செலவை ஈடுகட்டிவிடுகிறது. வேண்டிய வெப்பத்தை அக்கம்பக்கத்துத் தண்ணீரே கொடுக்கிறது. 29 டிகிரியில் இருக்கும் தண்ணீரிடமும் கொடுப்பதற்கு ஏராளமான ஆற்றல் இருக்கிறது.

பேரியம் ஹைட்ராக்சைடு ஆக்டாஹைட்ரேட்டையும் அம்மோனியம் குளோரைடையும் திடநிலையிலேயே கலக்கும் செயல்விளக்கம் இதற்குச் சிறந்தது. இரண்டு தூள்களைக் கிளறக் கிளறக் கூழாகும், அம்மோனியா வாசம் வரும், வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும். ஈரமான பலகை மேல் வைத்தால் பீக்கர் பலகையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். பேரியம் சேர்மம் நச்சு என்பதால் ஆசிரியர் மட்டும், காற்றோட்டம் உள்ள இடத்தில் செய்ய வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

"ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலை சரியாக வரவே இல்லை"

கருத்துப் புரிந்திருக்கும், பரிசோதனை காலை வாரும். காரணங்களை நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் தண்ணீர். மதிய வெயிலில் கூரைத் தொட்டியில் கிடந்த தண்ணீரைக் குழாயிலிருந்து நேராகப் பிடித்தால் அது அறையைவிடச் சூடாக இருக்கும். ஏர்கான் போட்ட அறையில் அது தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும், அந்த இறக்கம் வினையோடு சேர்ந்துவிடும். முன்கூட்டியே பிடித்து வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்து நிலைத்த பிறகு ஆரம்ப அளவை எடுங்கள்.

அடுத்தது பாத்திரம். கண்ணாடி பீக்கர் வெளி வெப்பத்தை உள்ளே விடும், தானும் கொஞ்சம் வெப்பத்தைக் கொடுக்கும். பாலிஸ்டைரின் கப், மேலே மூடி. பாடநூல் சொல்வது இதைத்தான், காரணத்தோடுதான் சொல்கிறது.

உப்பையும் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து கிடந்த அம்மோனியம் நைட்ரேட் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும். கட்டி மெதுவாகக் கரையும். மெதுவாகக் கரைந்தால், வினை எடுக்கும் வேகத்துக்கு ஈடாக அறை வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், தெர்மோமீட்டரில் பெரிய இறக்கம் தெரியாது. இறுக்கமாக மூடி வைத்த உப்பை, தூளாகவே, மொத்தமாக ஒரே தடவையில் போட்டு, நிறுத்தாமல் கிளறுங்கள். கட்டியான அம்மோனியம் நைட்ரேட்டை இடித்துத் தூளாக்கும் வேலை வேண்டவே வேண்டாம், அது வெடிபொருளுக்கும் பயன்படும் பொருள். அம்மோனியம் குளோரைடு கிடைத்தால் அதையே எடுங்கள்.

கடைசியாக, அளவை எப்போது படித்தார்கள் என்பது. மிகக் குறைந்த அளவைத்தான் எழுத வேண்டும். கரைந்து முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கும். பலர் அரட்டை முடிந்து வந்து ஏறிய அளவைக் குறிக்கிறார்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே போனால் மிகக் குறைந்த புள்ளி எது என்று சந்தேகமே வராது.

இதோடு சேர்ந்த ஒரு கிளை அறிகுறி: "பீக்கர் வெளிப்பக்கம் தண்ணீர் வந்திருக்கிறது, வினையில் தண்ணீர் உண்டாகிறது." இல்லை. கோலாலம்பூர்க் காற்றில் ஈரம் அதிகம். கண்ணாடி 24 டிகிரிக்குக் கீழே போனாலே பல நாள்களில் காற்றின் நீராவி அதன் மேல் முத்து முத்தாகப் படியும். மாமாக் கடையில் தே ஓ ஐஸ் கிளாஸ் வேர்ப்பதும் இதுவே. அத்தோடு ஒரு விஷயம்: நீராவி திரவமாகும்போது வெப்பத்தை விடுகிறது, கிராமுக்கு 2,400 ஜூலுக்கு மேல். அந்த வெப்பம் பீக்கருக்குள் போய் உங்கள் அளவைக் கெடுக்கும். பாலிஸ்டைரின் கப்புக்கு இன்னொரு நியாயம் இது.

"கணக்கு சரியாகப் போட்டேன், விடை புத்தகத்தோடு ஒத்துவரவில்லை"

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். 5.35 கிராம் அம்மோனியம் குளோரைடு, 50 கன சென்டிமீட்டர் தண்ணீர், 29.0 டிகிரியிலிருந்து 22.5 டிகிரிக்கு இறக்கம். தண்ணீர் 50 கிராம், ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாற 4.2 ஜூல்: 50 பெருக்கல் 4.2 பெருக்கல் 6.5, விடை 1,365 ஜூல். உப்பின் மோலார் நிறை 53.5, ஆகவே 0.1 மோல். ஒரு மோலுக்கு 13,650 ஜூல், அதாவது பிளஸ் 13.65 கிலோஜூல்.

இங்கே விழும் இடங்கள் சில. நிறைக்கு 5.35ஐப் போடுவது ஒன்று. குளிர்ந்தது தண்ணீர், ஆகவே தண்ணீரின் நிறைதான். முதல் அறிகுறி மறுபடி எட்டிப் பார்க்கிறது, கவனித்தீர்களா? வெப்பநிலை வித்தியாசத்தோடு 273ஐக் கூட்டுவது இன்னொன்று. 6.5 டிகிரி வித்தியாசம் கெல்வினிலும் 6.5தான். ஜூலைக் கிலோஜூலாக்க மறப்பதைச் சொல்லவே வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் தரவு நூலில் இருக்கும் மதிப்பு 15 கிலோஜூலை ஒட்டி இருக்கிறது, நமக்கு 13.65தான் வருகிறது. இது தவறில்லை. அறையிலிருந்தும் கப்பிலிருந்தும் கொஞ்சம் வெப்பம் தண்ணீருக்குள் வந்து, இறங்க வேண்டிய அளவுக்கு இறங்க விடவில்லை. விளக்கம் கேட்டால் "சுற்றுப்புறத்துக்கு வெப்பம் இழந்தது" என்று எழுதுகிறார்கள். அது எக்சோதெர்மிக் பரிசோதனைக்கான வாக்கியம், மனப்பாடமாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இங்கே எழுத வேண்டியது "சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் பெறப்பட்டது". திசை மாறுகிறது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே யாருக்குப் புரிந்திருக்கிறது, யார் மனப்பாடம் என்று சொல்லிவிடலாம்.

"ஐஸ் உருகுவதை எடுத்துக்காட்டாக எழுதலாமா?"

கேள்வியைப் பாருங்கள். வெப்பம் உள்ளே போகும் மாற்றம் என்று கேட்டால் எழுதலாம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். வியர்வை ஆவியாகித் தோல் குளிர்வதும் அப்படியே. வேதிவினை என்று கேட்டால் எழுத வேண்டாம், அங்கே புதிய பொருள் எதுவும் உண்டாகவில்லை.

"எது எது எண்டோதெர்மிக் என்ற பட்டியல் தேர்வுக்கு முன்னால் மறந்துவிடுகிறது"

நீளமான பட்டியல் மறக்கத்தான் செய்யும். நான் வகைகளைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். வெப்பத்தால் சிதையும் உலோகக் கார்பனேட்டுகளும் உலோக நைட்ரேட்டுகளும் ஒரு வகை. படிக நீரை இழக்கும் உப்புகள் ஒரு வகை: நீலக் காப்பர் சல்பேட்டைச் சூடாக்கினால் வெண்மையாகும், தண்ணீர் விட்டால் நீலம் திரும்பி வரும், கூடவே சூடும் வரும். அம்மோனியம் உப்புகள் கரைவது ஒரு வகை. ஒளிச்சேர்க்கை தனி வகை. அங்கே வாங்குவது சூரிய ஒளியை, ஒரு மோல் குளுக்கோஸுக்குச் சுமார் 2,800 கிலோஜூல்.

'கரைந்தால் எண்டோதெர்மிக்' என்று மட்டும் பொதுவிதி வைத்துவிடாதீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடு கரையும்போது கை சுடும். சமையல் உப்பு கரைவதில் மோலுக்கு 4 கிலோஜூல்கூட உள்ளே போவதில்லை, தெர்மோமீட்டருக்கே தெரிவது கஷ்டம். படிகத்தைப் பிரிக்க ஆகும் செலவும், அயனிகளைத் தண்ணீர் சூழும்போது கிடைக்கும் வரவும் எது பெரிதோ அதைப் பொறுத்துத்தான் திசை.

வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்க்க ஆசைப்பட்டால், கேக் சாமான் கடையில் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் வாங்குங்கள். கப்பில் கொஞ்சம் தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துச் சற்று வையுங்கள், அமிலம் கரையும்போதும் வெப்பநிலை கொஞ்சம் இறங்கும். அறை வெப்பநிலைக்கு வந்ததும் சோடாவைப் போடுங்கள். நுரை வரும், அதனால் அகலமான கப், அடியில் தட்டு. தெர்மோமீட்டர் இல்லாவிட்டாலும் கப்பைப் பிடித்த விரலுக்குத் தெரியும். நுரை அடங்குவதற்குள் பிள்ளையிடம் கேளுங்கள், "யாரிடமிருந்து யார் வாங்கியது?"